கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாறு

தமிழ்நாட்டின் வடமேற்கில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆகவே இப்பகுதியின் தொடக்ககால மக்கள்தொகை விவரங்களைச் சேலம் மாவட்டக் கணக்கில்தான் தேட வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1871இல் நடந்த கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர் வாழ்ந்தனர். 1881இல் இந்த எண்ணிக்கை 15,99,595. பத்தாண்டுகளில் 3,67,400 பேர் குறைந்துவிட்டனர். காரணம், தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் நினைவுகூரும் 1876-78 பெரும்பஞ்சம். பஞ்சம் பிழைக்க மைசூர்ப் பக்கம் போயிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகையும் இதே காலத்தில் ஏறத்தாழ 50 லட்சத்திலிருந்து 42 லட்சமாகச் சரிந்தது. பஞ்சம் எல்லையின் இருபுறத்தையும் தின்றிருந்தது. 1891இல்கூடச் சேலம் மாவட்டம் 19,62,591 பேரையே கொண்டிருந்தது. 1871ஆம் ஆண்டின் அளவை அது அப்போதும் எட்டவில்லை.

1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதிய டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையராகவும் இருந்தார். 1877இல் நிவாரணப் பணியாளர்களின் அன்றாடத் தானிய அளவை ஒரு பவுண்டாக ரிச்சர்டு டெம்பிள் குறைத்தபோது, அது உயிர்வாழப் போதாது என்று கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். மக்களை எண்ணியவரே அவர்கள் இறப்பதையும் கண்டு வாதாடினார் என்பது இக்கணக்கின் பின்னுள்ள துயரம்.

அடுத்து வந்த குறைவு வேறு வகையானது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரியின் மக்கள்தொகை 18,79,809. இதில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 1,12,832, பெண் குழந்தைகள் 1,04,491. அதாவது ஆயிரம் ஆண்களுக்கு 926 பெண்கள். பிறப்பிலேயே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதல் என்பதால் இடைவெளி முழுவதையும் இழப்பாகக் கொள்ள இயலாது. இயல்பான விகிதத்தை 950 என்று வைத்தாலும் ஏறத்தாழ 2,700 சிறுமிகள் கணக்கில் இல்லை. மாவட்டத்தின் மொத்தப் பாலின விகிதமான 958ஐ மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

ஓசூரில் சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தன. வேலை தேடி வந்தவர்கள் நகராட்சிக்கு வெளியே மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி போன்ற ஊராட்சிகளிலும் குடியேறினர். இதனால் 2011 கணக்கில் பழைய நகராட்சி எல்லைக்குள் 1,16,821 பேர். சுற்றியுள்ள ஊர்களை இணைத்த விரிவாக்கப்பட்ட எல்லையில் 2,45,354 பேர். ஒரே நகரம், ஒரே ஆண்டு. கோட்டை நகர்த்தியதும் மக்கள்தொகை இரு மடங்கைத் தாண்டுகிறது. குடிநீருக்கும் சாலைக்கும் எந்த எண்ணை வைத்துத் திட்டமிடுவது என்பது அங்கே வெறும் புள்ளிவிவரக் கேள்வி அல்ல.

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்ததற்கான குறிப்பு நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டுள்ளது. மாநகராட்சி என்ற நிலையில் ஓசூர் சந்திக்கும் முதல் கணக்கெடுப்பு அதுவே.