மூழ்கிய படகும் வழக்கறிஞரின் குறிப்பேடும்



என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் போகிறீர்கள். இந்தப் பதிவு முதலில் உங்களுக்கு. மற்றவர்களும் தயங்காமல் படிக்கலாம். நான் சட்டம் படித்தவன் அல்லன். வரலாறாகப் படித்ததைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 7. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை ஒட்டி ஓடும் டெலவேர் ஆற்றில் 'ஜே. எம். டெய்லர்' என்ற இழுவைப் படகு, பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில் நிறுவனத்தின் மிதவை ஒன்றை அக்கரைக்கு இழுத்துச் செல்ல உதவிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் அது மூழ்கிவிட்டது. படகில் இருந்தவர்கள் 9 பேர். 5 பேர் இறந்துபோனார்கள், 4 பேர் பிழைத்தார்கள். ஏன் மூழ்கியது என்று யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றே நாளில் படகு உரிமையாளர்களும் காப்பீட்டுக்காரர்களும் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்திவிட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போடும் என்று அவர்களுக்குத் தெரியும். மார்ச் 4 அன்று நீராவிப் படகு ஆய்வாளர்கள் பொது விசாரணை நடத்தினார்கள். பிழைத்த நால்வரும் அங்கே சாட்சி சொன்னார்கள். அது பதிவு செய்யப்பட்டு, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் கிடைத்தது. அதன் பிறகு ஃபோர்ட்டன்பா என்ற வழக்கறிஞர் அந்த நால்வரையும் தனியாகச் சந்தித்து வாக்குமூலம் எழுதி வாங்கினார். மார்ச் 29 அன்று அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வேறு சிலரிடமும் பேசி, சிலவற்றைத் தனக்காகக் குறித்து வைத்துக்கொண்டார்.

ஐந்து குடும்பங்களும் இழப்பீடு கேட்டன. நான்கு, நீதிமன்றம் போகாமலே பேசி முடிந்தன. ஐந்தாவது குடும்பம் மட்டும் 1943 நவம்பர் 26 அன்று வழக்குத் தொடுத்தது. அதுதான் பிற்காலத்தில் அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர் எவரும் படிக்காமல் தாண்ட முடியாத 'ஹிக்மன் எதிர் டெய்லர்' வழக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். பழைய இங்கிலாந்துப் பொதுச்சட்ட நீதிமன்றங்களில், எதிராளியின் கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வாங்க வழி கிடையாது. அதற்குச் சான்சரி நீதிமன்றம் என்ற இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். விசாரணை நாளில் யார் எதை உருவி எடுப்பார் என்று தெரியாமல் இருட்டில் சிலம்பம் சுற்றுவது போலத்தான் வழக்கு நடந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1938இல் வந்த உரிமையியல் நடைமுறை விதிகள் இதைப் பெருமளவு மாற்றின. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே ஒருவரையொருவர் எழுத்தில் கேள்வி கேட்கலாம், ஆவணம் காட்டச் சொல்லலாம், சாட்சியை விசாரிக்கலாம். இதைத்தான் வழக்கறிஞர்கள் 'டிஸ்கவரி' என்கிறார்கள். நம் நாட்டிலும் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் ஆணை 11 இதே வேலையைத்தான் செய்கிறது.

ஹிக்மன் தரப்பு இந்தப் புது வசதியைப் பயன்படுத்தி 39 கேள்விகள் அனுப்பியது. 38ஆவது கேள்வியில்தான் சிக்கல். படகில் இருந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறீர்களா? எழுத்தில் இருந்தால் நகல் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், சொன்னதை அப்படியே விவரமாக எழுதிக் கொடுங்கள். இதுதான் கேள்வி. வாக்குமூலம் வாங்கியது உண்மை என்று பிரதிவாதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தர மாட்டோம் என்றார்கள். மாவட்ட நீதிமன்றம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. மறுத்ததால் அது நீதிமன்ற அவமதிப்பு என்று கூறி, கொடுக்கும்வரை சிறையில் வைக்கவும் ஆணையிட்டது. கட்சிக்காரருக்காகச் சிறைத் தண்டனையையே ஏற்கத் துணிந்த வழக்கறிஞர் என்று நினைத்துப் பாருங்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம், 1947 ஜனவரி 13 அன்று, வழக்கறிஞர் பக்கம் தீர்ப்பளித்தது. எந்த நீதிபதியும் மாறுபடவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் படித்தபோது என் மனம் இறந்தவரின் குடும்பத்துப் பக்கமே நின்றது. ஒரு பக்கம் படகு முதலாளிகள், காப்பீட்டுக்காரர்கள், ரயில் நிறுவனம். இன்னொரு பக்கம் ஆற்றில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீடு. அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் என்ன? ஆனால் நீதிபதி மர்ஃபி எழுதிய தீர்ப்பைப் படிக்கப் படிக்க விஷயம் வேறு என்று புரிந்தது.

முதலில் அவர் டிஸ்கவரியின் பக்கம்தான் பேசுகிறார். இரு தரப்பும் திரட்டிய உண்மைகள் இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் வழக்கு ஒழுங்காக நடக்கும் என்கிறார். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையேயான ரகசியம் என்ற சிறப்புரிமையும் இங்கே பொருந்தாது என்கிறார். காரணம் எளிது: பிழைத்த நால்வர் சாட்சிகள். வழக்கறிஞரை அமர்த்திய கட்சிக்காரர்கள் அல்லர்.

அப்படியானால் ஏன் காட்ட வேண்டாம்? அந்த நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள், யாரென்றும் தெரியும். பொது விசாரணையில் அவர்கள் சொன்னது எல்லோர் கையிலும் இருக்கிறது. ஹிக்மனின் வழக்கறிஞர் நேரே போய்க் கேட்டிருக்கலாம். எதற்கு இந்தக் காகிதங்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம், விசாரணைக்குத் தயாராக வேண்டும், எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான். அது போதாது என்றது நீதிமன்றம். வழக்கறிஞர் எழுதுவதெல்லாம் எதிராளி கைக்குப் போகும் என்றால், இனி எவரும் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள். கள்ளத்தனம்தான் வளரும். கடைசியில் நஷ்டப்படுவது கட்சிக்காரரும் நீதியும்தான்.

நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக ஒரு கருத்து எழுதினார். எதிராளியின் புத்தியைக் கடன் வாங்கி வழக்கு நடத்துவதற்காக டிஸ்கவரி வரவில்லை என்பது அதன் சாரம். சாட்சி சொன்னதைத் தன் நினைவிலிருந்து வழக்கறிஞரே எழுதித் தர வேண்டுமானால், நாளைக்கு அவரே சாட்சிக் கூண்டில் ஏற நேரிடும் என்றும் எச்சரித்தார். இதே ஜாக்சன்தான் அதற்குச் சற்று முன்பு நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அங்கே அவர் பெரிதும் நம்பியது நாஜிகள் தாங்களே எழுதி வைத்த ஆவணங்களை! எதிராளியின் காகிதத்துக்கு என்ன பலம் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? நடந்ததைக் காட்டும் ஆவணம் வேறு, வழக்கு நடத்த வழக்கறிஞர் எழுதும் குறிப்பு வேறு என்ற பாகுபாடு அவருக்குத் தெளிவாக இருந்தது.

நம் வகுப்பறை மொழியில் சொல்கிறேன். பாடப்புத்தகம் எல்லோருக்கும் பொது. அதை ஒளித்து வைப்பவன் தவறு செய்கிறான். ஆனால் பக்கத்துப் பையன் கண் விழித்து எழுதிய குறிப்பேட்டைக் கொடு என்று கேட்க உனக்கு உரிமை இல்லை. நீயும் புத்தகத்தைத் திறந்து படி.

இந்தப் பாதுகாப்பு இரும்புக் கதவும் அல்ல. சாட்சி இறந்துவிட்டார், அல்லது எட்டாத இடத்தில் இருக்கிறார், உண்மை அந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று காட்டினால் நீதிமன்றம் திறக்கச் சொல்லலாம். 1970இல் இந்தக் கொள்கை அமெரிக்க விதிகளிலேயே எழுதப்பட்டது. வழக்கறிஞரின் மனத்தில் ஓடும் எண்ணங்களுக்கு மட்டும் கூடுதல் காவல்.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126 முதல் 129 வரையான பிரிவுகளில் வழக்கறிஞர், கட்சிக்காரர் ரகசியத்தைக் காத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் இருக்கிறது; 132 முதல் 134 வரையான பிரிவுகளைப் பாருங்கள். சட்டவிரோதக் காரியத்துக்குத் துணைபோகும் பேச்சுக்கு அன்றும் காப்பு இல்லை, இன்றும் இல்லை.

சட்டம் படிக்காத உறவுகளுக்கு ஒன்று. வழக்கறிஞரிடம் எதையும் மறைக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் வக்கீலிடம் சொல்லிவிட்டதாலேயே நடந்த விஷயம் ரகசியமாகிவிடாது. பெட்டியில் இருக்கும் பத்திரம் அவர் மேசைக்குப் போனாலும் பத்திரம்தான்.

என் வழக்கறிஞர் பிள்ளைகளுக்கு ஒன்று. காட்ட வேண்டியதைக் கேட்குமுன் காட்டுங்கள். காக்க வேண்டியதை, ஃபோர்ட்டன்பாவைப் போல, சிறை என்றாலும் காத்து நில்லுங்கள். இரண்டையும் பிரித்தறிவதில்தான் உங்கள் தொழிலின் மானம் இருக்கிறது. ஆணை 11ஐ உங்கள் ஊர் நீதிமன்றத்தில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.