மருந்திலும் வளையம், உணவிலும் வளையம்



உயர்தர இரசாயனவியலில் பல்லினவளையச் சேர்வைகள் என்றாலே பிள்ளைகளுக்குத் தலையிடி. விடயம் என்னவோ இலகுவானதுதான். காபன் அணுக்களால் ஆன வளையத்தில் ஓர் இடத்தையாவது நைதரசன், ஒட்சிசன், கந்தகம் போன்ற வேறோர் அணு பிடித்திருந்தால் அது பல்லினவளையம். நம் நாட்டு வரலாற்றிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு.

1820இல் பிரான்சில் பெல்தியே, கவாந்து என்ற இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான அதில் நைதரசன் உள்ள குயினோலின் வளையம் இருக்கிறது. அந்த மரத்துக்காகவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் ஆரம்பிக்கப்பட்டது. கோப்பி நோயில் அழிந்தபோது துரைமார் மலையகத்தில் சிங்கோனாவைப் பெருமளவில் நட்டார்கள். விலை விழுந்ததும் அதைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள்.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின, நுளம்பு பெருகியது. 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலைப் பக்கம் பெரும் அழிவு. குயினைன் விநியோகிக்கப்பட்டது. ஆனால் நிவாரணத்துக்குக் கிராமங்களுக்குப் போன இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்தினர் அங்கே பசியையும் கண்டார்கள். சத்தில்லாத உடம்பு நோயை எதிர்த்து நிற்கவில்லை. ஆகவே அவர்கள் மார்மைட்டை உருண்டைகளாக்கிக் கொடுத்தார்கள்.

ஏன் மார்மைட்? கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தசோகையை அது குணமாக்குவதை, பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர் 1931இல் எழுதியிருந்தார். அதற்குக் காரணமான சத்தைப் பின்னாளில் போலிக் அமிலம் என்றார்கள். மார்மைட்டில் தயமினும் உண்டு. போலிக் அமிலத்தில் நைதரசன் உள்ள வளையம். தயமினில் நைதரசனோடு கந்தகமும் சேர்ந்த வளையம். குயினைனைப் போல இவையும் பல்லினவளையச் சேர்வைகளே!

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் 1934 சொன்ன பாடம் பழையதாகவில்லை. வெறும் வயிற்றோடு இருப்பவனுக்கு மருந்து மட்டும் போதாது. காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை இன்றும் காண்கிறோம். நம் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால், அதைத் தேடிப்போவது நம் ஒவ்வொருவர் மீதும் கடமை.