அறளையும் பாட்டும்: தென்மராட்சியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பாதை பிரிகின்ற சந்தியிலே கொடிகாமம் அமைந்திருக்கிறது. தென்மராட்சியின் தேங்காயும் மாங்கனியும் பலாப்பழமும் வந்து குவியும் சந்தை அது. விலை பேசும் குரல்களுக்கிடையே, குடும்ப நலம் விசாரிப்போர் வாயிலிருந்து ஒரு தொடரையும் நாம் கேட்கலாம்: “ஆச்சிக்கு இப்ப அறளை பேந்திட்டுது.” கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேளார். அறளை பெயர்ந்தவரோடு பேசுவதற்கு இனி எதுவுமில்லை என்ற தீர்ப்பு அச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

இத்தீர்ப்பு சரியானதுதானா? மகளின் பெயரை மறந்துவிட்ட ஆச்சி, அயல்வீட்டு வானொலியில் ஒரு பழைய பாட்டு எழுந்ததும் இதழசைக்கிறார். அடுத்த அடியைப் பிசகாது சொல்கிறார். இதனைக் கண்டு வியந்த குடும்பங்கள் பல. வியப்போடு நின்றுவிடாமல், அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, ஏன் அது மட்டும் எஞ்சியது என்று வினவுவதே நமது நோக்கம்.

அறளை பெயர்தல் என்று நம்மவர் சொல்வதன் பின்னே பெரும்பாலும் நிற்பது மூளையின் நோயாகும். 1906இல் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் தம்மிடம் வந்த ஒரு பெண்ணின் நோயை மருத்துவர் கூட்டமொன்றில் விளக்கினார். இன்று உலகில் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர் மறதி நோய்களால் வருந்துகின்றனர் என்றும், அவருட் பெரும்பாலோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் வாழ்வோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981இல் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அது 12.4 ஆயிற்று. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட யாழ்ப்பாணக் கிராமங்களிலே இவ்வெண்ணின் பாரம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

பாட்டுக்கும் மனித உடலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தோர் வரிசையிலே, லைப்சிக் நகரத்துப் பொருளியலறிஞர் கார்ல் பூச்சர் குறிப்பிடத்தக்கவர். ‘உழைப்பும் தாளமும்’ என்ற பொருள்படும் தம் நூலை அவர் 1896இல் வெளியிட்டார். பலர் கூடி ஒரே அசைவாய் உழைக்கும்போது தாளம் பிறக்கிறது, தாளத்தைப் பற்றிப் பாட்டு எழுகிறது என்பது அவர் கொள்கை. ஜோர்ஜ் தொம்சன் இக்கருத்தை மார்க்சிய நோக்கில் வளர்த்தெடுத்தார். அவரிடமே பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். இசை முழுவதும் உழைப்பிலிருந்தே தோன்றியது என்பதை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஆயினும் உழைப்பு பாட்டை வளர்த்தது என்பதற்கு நமது மண்ணிலேயே சான்றுண்டு.

கிணற்றுத் துலாவிலே ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டையால் நீரிறைத்த காலத்தில், எண்ணிக்கையும் பாட்டாகவே நடந்தது. அரிவு வெட்டுக்கும் நெற்குற்றுதலுக்கும் பாட்டிருந்தது. கரைவலை இழுத்தோர் அம்பா பாடினர். நீரிறைக்கும் இயந்திரமும் நெல்லு ஆலையும் வந்து உடலின் பாரத்தைக் குறைத்தன. அதற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் வேலையோடு பாட்டும் போயிற்று. அதனைத் தம் உடலிலே சுமந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். இன்று அவர்களே முதுமையின் மறதிக்குள் நுழைகின்றனர்.

இங்கே ஓர் ஒற்றுமையைக் காணலாம். பூச்சர் கற்பித்த அதே லைப்சிக்கில், 2015இல் மூளை ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். நெடுநாட் பழகிய பாட்டை நினைவுகூரும்போது தொழிற்படும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயிலே மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே தேய்கின்றன என்று அவர்கள் கண்டனர். அப்பகுதிகளுள் ஒன்று உடலசைவைத் திட்டமிடுவதோடு தொடர்புடையது. இது பூச்சரின் கொள்கையை மெய்ப்பித்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் பெயரையும் நாளையும் இழந்த ஒருவரிடம் பாட்டும் தாளமும் எஞ்சுவது மாயமன்று என்பதை அது உணர்த்துகிறது.

எனில், எந்தப் பாட்டு? இவ்வினாவுக்கு விடை சொல்லச் சமூக வரலாறு வேண்டும். பொதுவாக, இளமையிற் கேட்ட பாட்டே ஆழப் பதிகிறது. முதியோர் என்றதும் தேவாரத்தை ஒலிக்கவிடுவது நம்மவர் வழக்கம். கோயிலிற் கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்தவருக்கு அது பொருந்தும். மட்டுவிலிற் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று போற்றியது அவ்வாழ்வையே. ஆனால் அக்கோயில்களின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் நிலை என்ன? சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது. அன்று இளைஞராயிருந்தவர் இன்று முதியவர். அவருடைய நெஞ்சில் நிற்பது காத்தவராயன் கூத்தின் சிந்துநடையாக இருக்கலாம். கள்ளுக் கொட்டிலிற் கேட்ட பாட்டாக இருக்கலாம். இலங்கை வானொலி வீடுதோறும் கொண்டுவந்த சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம். அதனை இழிவென்று ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் திணித்தால், அவருக்கு எஞ்சியுள்ள ஒரே கதவையும் நாம் அடைத்தவராவோம்.

போரும் இந்த நினைவுகளில் தன் தடத்தைப் பதித்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 1990க்குப் பின் மின்சாரமற்ற குடாநாட்டிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் வந்து சேர்ந்தனர். 2000இல் தென்மராட்சி மக்களே இடம்பெயர நேர்ந்தது. ஒலிநாடாக்கள் வீடுகளோடு அழிந்தன, பாடியவர்கள் சிதறிப்போயினர். அக்காலத்தில் இளமையைக் கழித்த தலைமுறை முதுமை எய்தும்போது, சில பாட்டுகள் ஆறுதலோடு அச்சத்தையும் கொண்டுவரும். ஆகவே பாடுகிறவரின் கண் எப்பொழுதும் கேட்கிறவரின் முகத்தில் இருக்கவேண்டும். முகம் வாடினால் நிறுத்திவிடவேண்டும்.

பாட்டு இந்நோயைத் தீர்க்காது. 2018இல் 22 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட கொக்ரேன் அறிக்கை, இசைவழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும், நினைவாற்றலை மீட்பதிற் பயன் மிகக் குறைவு என்றே முடிவு கண்டது. நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அந்த அளவே: ஒரு பொழுதின் அமைதி, ஒரு முறை கை பற்றுதல்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைக்கும் வெளிநாட்டுப் பிள்ளை, “என்னைத் தெரியுதோ அம்மா?” என்று வினவுகிறார். விடை தெரியாத தாய்க்கு அவ்வினா ஒரு பரீட்சையாகிறது. தோல்வியோடு அவர் தலை குனிகிறார். அதற்கு மாறாக, தாய் தாலாட்டிய மெட்டைப் பிள்ளை மெல்லப் பாடி, அடியின் முடிவைத் தாய்க்காக விட்டுவைக்கலாம். கிடுகு பின்னிய கைகளுக்கு ஓலையைக் கொடுத்துவிட்டு அருகிருந்து பாடலாம். ஒலிபெருக்கியின் இரைச்சல் வேண்டாம்; அறிந்த குரல் ஒன்று போதும்.

ஆனால் அக்குரலுக்குரியவர் யார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு பெண். கூலியும் ஓய்வுமின்றி இரவு பகலாகப் பராமரிக்கும் மகள் அல்லது மருமகள். ‘பாடுங்கள்’ என்று அவளுக்கு உபதேசித்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. கிராமந்தோறும் பகற்பொழுதுப் பராமரிப்பும் பயிற்சி பெற்ற தாதியரும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடமோ அயலவரிடமோ சென்று, பதினைந்து வயதிற் பாடியது என்ன, எந்த வேலையின்போது பாடினார், யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதட்டும். அவருடைய குரலிலேயே பதிவு செய்யட்டும். மறதி வருமுன் செய்தால், ஊரின் வரலாற்றுக்கு அது ஆவணம். மறதி வந்த பின், பெயரறியாத பேரப்பிள்ளை அந்தத் தாளோடு ஆச்சியின் அருகில் அமர்ந்து முதலடியைத் தொடங்கலாம். இரண்டாம் அடியை அவர் சொல்வாராயின், அறளை பெயர்ந்தவரோடு பேச எதுவுமில்லை என்ற ஊரின் தீர்ப்பு அங்கேயே பொய்த்துப்போகும்.