1859 என்னும் ஆண்டு: பம்பாய் எரிவாயுத் தொட்டியின் காலம் பற்றி

சாண எரிவாயுவின் வரலாற்றை எழுத வருவோர் பலர் ஒரே வரியில் தொடங்குகிறார்கள்: கழிவிலிருந்து எரிவாயு எடுத்த முதல் தொட்டி 1859-இல் பம்பாயின் தொழுநோயர் குடியிருப்பு ஒன்றில் கட்டப்பட்டது. இதற்கு அவர்கள் கைகாட்டுவது, பி. ஜே. மெய்னெல் 1976-இல் வெளியிட்ட மீத்தேன் கையேட்டை. தொட்டி கட்டுவோருக்காக எழுதப்பட்ட நூல் அது. அந்த வேலைக்கு இன்றும் உதவும். அதன் ஆண்டை வரலாற்றுச் சான்றாக ஏற்பதுதான் சிக்கல்.

இடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் நூல்கள் பம்பாயின் மாட்டுங்காவையே சுட்டுகின்றன. மாட்டுங்கா தொழுநோயர் இல்லம் திறக்கப்பட்டதோ 1890-இல். திறக்க முன்நின்றவர் நகராட்சி ஆணையர் எச். ஏ. ஆக்வொர்த். இல்லம் எழுவதற்கு முப்பத்தோராண்டு முன்பே அதன் கழிவுத் தொட்டி எரிவாயு தந்திருக்க முடியாது.

மெய்னெலின் பக்கம் நின்று ஒன்று கேட்கலாம். மாட்டுங்காவுக்கு முன்னரே அதே நகரின் பைகுல்லாவிலிருந்த ஜே. ஜே. தர்மசாலையில் தொழுநோயர் தங்கியிருந்தார்களே, அவர் அதைச் சொல்லியிருக்கலாமே? நேரடி ஆவணம் கொண்டு இதை மறுக்க இயலாது. சூழலை வைத்தே வாதிட வேண்டும். விகார் ஏரியின் குழாய்நீர் பம்பாய்க்கு வந்ததே 1860-இல்தான். அதுவரை மலம் துப்புரவுத் தொழிலாளர்களான ஹலால்கோர்களின் தலையில் கூடையாகப் போயிற்று. நீரோடு ஓடிவந்து மூடிய தொட்டியில் தேங்கும் கழிவு என்பதற்கே அங்கு வழியில்லை. குடத்தால் ஊற்றியும் கலக்கலாம்தான். ஆனால் காற்றுப் புகாத தொட்டியில் மலம் தானே கரையும் என்ற கருத்து மூராஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் தொட்டியைப் பற்றி 1881-இல் அச்சேறிய பிறகே பரவியது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் டொனால்ட் கேமரன் செப்டிக் டேங்க் அமைத்து அதன் வாயுவில் விளக்கெரித்தது 1895-ஐ ஒட்டி.

1895. பின்னிரு இலக்கங்களை இடம் மாற்றினால் 1859! பம்பாயும் எக்ஸிட்டரும் இந்த வரலாற்றுச் சுருக்கங்களில் பெரும்பாலும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வருகின்றன. அச்சுக்கோப்பில் ஓர் ஆண்டு மற்றதன் இடத்தில் புரண்டு விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே என்றாலும், 1859-ஐ நம்புவதைவிட இதை நம்புவது எளிது.

படியெடுத்தே எழுதப்படும் வரலாறு இது என்பதற்கு இன்னொரு தடயமும் உண்டு. ஆங்கில நூல்கள் சிலவற்றில் ஊரின் பெயர் 'மாட்டிங்கா' என்றிருக்கிறது. தமிழர் நிறைந்த மாட்டுங்காவில் ஒருமுறை ரயிலைவிட்டு இறங்கியவர்கூட அப்படி எழுதமாட்டார். ஒருவர் பிழையை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆண்டையும் அப்படித்தான் எடுத்திருப்பார்.

அப்படியானால் சரியான ஆண்டு எது? 1897 என்பதே பரவலான வழக்கு. வாயுவால் எஞ்சின் ஓட்டியதைச் சிலர் அதே ஆண்டில் வைக்கிறார்கள், சிலர் 1907-க்குத் தள்ளுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இப்போதுள்ள சான்று போதாது.

மாட்டுங்காவிலிருந்து மாட்டுச்சாணத்துக்கு நேர்கோடு இழுப்பதும் வழக்கம். டெல்லியில் எஸ். வி. தேசாய் சாணத்தை வைத்துச் சோதித்தது 1939-இல்; ஜஷ்பாய் பட்டேலின் 'கிராமலட்சுமி' என்னும் சாண எரிவாயுத் தொட்டி 1950-களில். மாட்டுங்காவுக்கும் தேசாய்க்கும் நடுவில் சுமார் நாற்பதாண்டு இடைவெளி. அதில் பாலம் தேடினால் நான் பெங்களூரைப் பார்ப்பேன். மான்செஸ்டரில் சாக்கடை நீரை ஆய்ந்த கில்பர்ட் ஃபௌலர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, 1920-ஐ ஒட்டி ஜோஷி என்பவருடன் தாவர நார்ப்பொருளான செல்லுலோஸின் நொதித்தலை ஆராய்ந்தார். சாக்கடையைப் படித்த கண் தாவரத்தின் பக்கம் திரும்பியது அங்கேதான்.