கண்காணிப்பாளர் இல்லாத ஆட்டம்

சதுரங்கம் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம் என்றே நாம் பழகியிருக்கிறோம். எதிராளியின் முகமறியாமல், ஒரு நகர்த்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே நாட்கள் கழிய ஆடப்படும் அஞ்சல்வழிச் சதுரங்கத்துக்கும் இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டுகையில் நம் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் விதியைக் காப்பது எது?

1822இல் தோன்றிய எடின்பரோ சதுரங்கக் கழகம், 1824இல் லண்டன் கழகத்தோடு கடிதம் வழியே பொருதத் தொடங்கியது. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 400 மைல். நகர்த்தல்களைச் சுமந்து சென்றவை குதிரை பூட்டிய தபால் வண்டிகள். ஐந்து ஆட்டங்கள் முடிய நான்கு ஆண்டுகளுக்கு மேலாயின. இரண்டில் வென்று, ஒன்றில் தோற்று, இரண்டைச் சமன் செய்து 1828இல் எடின்பரோ வாகை சூடியது. 'ஸ்காட்ச் ஆட்டம்' எனும் தொடக்கமுறை பெயர் பெற்றது இப்போட்டியால்தான்.

பின்னர் இது நாடுகளுக்கிடையே பரவியபோது மொழி குறுக்கே வந்தது. காய்களின் பெயர்கள் மொழிக்கு மொழி மாறும். ஆகவே கட்டங்களுக்கு எண்ணிட்டனர். ராஜாவின் முன்நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் 5254. ரஷ்யருக்கும் ஜெர்மானியருக்கும் அதுவே பொதுமொழி. ஆனால் போர்க்காலத்தில் இத்தகைய குறிகள் ஒற்றர்களின் சங்கேதமாகத் தோன்றாதா? இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாடுகளுக்குச் சதுரங்க நகர்த்தல்களை அஞ்சலில் அனுப்புவதை அமெரிக்கத் தணிக்கைத் துறை தடைசெய்தது. போர் முடிந்தபின் ஆட்டம் மீண்டும் எல்லைகளைக் கடந்தது. 1951இல் பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1953இல் ஆஸ்திரேலியரான செசில் பர்டி முதல் உலக வாகையரானார்.

அஞ்சலின் நிதானத்தில் அரசுகளே மறைந்துபோனதுண்டு. 1987இல் தொடங்கிய பத்தாவது அஞ்சல்வழி ஒலிம்பியாடின் இறுதிச் சுற்று 1995இல்தான் முடிந்தது. அதில் வெண்கலம் வென்ற அணி கிழக்கு ஜெர்மனி. அந்நாடு 1990இலேயே இல்லாதொழிந்திருந்தது. ஆயினும் ஆட்டக்காரர்கள் தொடங்கிய ஆட்டத்தை முடித்துவைத்தனர்.

நூல்களைப் புரட்டுவதும் காய்களை நகர்த்திப் பார்ப்பதும் இவ்வாட்டத்தில் என்றுமே குற்றமன்று. தனிநபர் போட்டியில் பிறரிடம் யோசனை கேட்பதுதான் குற்றம். கேட்டாரா இல்லையா என்பதை அறிந்தது அவரவர் மனம் மட்டுமே. இந்த ஏற்பாட்டை அசைத்தது கணினி. 1968இல் அஞ்சல்வழி உலகப் பட்டம் வென்ற ஹான்ஸ் பெர்லினரே, 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'ஹைடெக்' என்னும் சதுரங்கக் கணினியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் என்பது வரலாற்றின் விந்தை.

இன்று கூட்டமைப்பின் போட்டிகளில் கணினியின் துணை அனுமதிக்கப்பட்டுள்ளது. தடுக்க இயலாததைத் தடைசெய்வதில் பொருளில்லை என்பது அவர்கள் கட்சி. அதன் விலை, உயர்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிவது.

நட்புக்காக இணையத்தில் ஆடும் சிறு கழகங்கள் பல மறுவழி செல்கின்றன. நகர்த்தலுக்கு இத்தனை நாள், விடுப்புக்கு இத்தனை நாள், கணினியின் துணை கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவது விதியை மேற்பார்வையிட அக்கழகத்தின் செயலாளரால் ஆகாது. வாக்கை நம்பித்தான் அவர் போட்டி அட்டவணையை எழுதுகிறார். 1824இல் எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் வாய்த்த மூலதனத்தைவிட அவரிடம் அதிகமாக ஒன்றுமில்லை. அது போதுமானதாக இருந்தது என்பதையே இவ்வரலாறு நமக்குச் சொல்கிறது.