கேமரா முன் ஹோரோவிட்ஸ்

பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 4 தடவை மேடையை விட்டுப் போனவர். 1936-ல் 2 வருஷம், 1953-லிருந்து 12 வருஷம், 1969-லிருந்து 5 வருஷம், கடைசியாக 1983-ல் 2 வருஷம். ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு பேசுவார்கள். மனுஷன் திரும்பி வருவார். இப்படி ஒளிந்து ஒளிந்து வாழ்ந்தவரைப் பற்றி, அவருடைய இசைத்தட்டுகளை விட, வயதான காலத்தில் படம் பிடித்த சில கச்சேரிகள்தான் நமக்கு அதிகம் சொல்கின்றன என்பது என் கட்சி.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? இசைத்தட்டை ஒட்டுப் போட்டுச் சரி செய்யலாம். 12 வருஷம் கழித்து 1965 மே 9-ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் அவர் திரும்பி வந்தது பெரிய கதை. டிக்கெட்டுக்காக ராத்திரி முழுக்கத் தெருவில் நின்றவர்களுக்கு அவர் மனைவி வாண்டா (டோஸ்கனினியின் மகள்) காபி ஏற்பாடு செய்தாராம். பாக்-புசோனி டொக்காட்டாவில் ஆரம்பித்தார். எடுத்த எடுப்பிலேயே விரல் தப்பாக விழுந்தது. ஆனால் அப்போது வெளிவந்த இசைத்தட்டில் சறுக்கிய இடங்களுக்கு மருந்து போட்டிருந்தார்கள். அன்றைக்கு அரங்கில் கேட்டது கேட்டபடியே வெளிவர 2003 வரை ஆயிற்று. அதற்குள் அவர் இறந்து 14 வருஷம் ஓடிவிட்டது.

கேமராவிடம் இந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது. 1968 ஆரம்பத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதே கார்னகி ஹாலில் ரசிகர்களை உட்கார வைத்து அவரைப் படம் எடுத்தது. செப்டம்பர் 22 அன்று ஒளிபரப்பானது. அவருக்கு அப்போது 64 வயது. ஷோபன், ஸ்கார்லாட்டி, ஷூமன், ஸ்க்ரியாபின், முடிவில் அவரே எழுதிய கார்மென் வேரியேஷன்ஸ். இந்த ஆளை ஒலியில் மட்டும் கேட்டவர்கள், தலைமுடி பறக்க, தோள் குலுங்க, பியானோவை உடைக்கிற ஆசாமி என்றுதான் கற்பனை செய்வார்கள். படத்தில் பார்த்தால்? ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். உடம்பு அசையவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

கைகளைப் பாருங்கள். பியானோ வகுப்பில் விரலை வளைத்து வை, உள்ளங்கைக்குள் பந்து இருப்பதாக நினைத்துக்கொள் என்று சொல்லித்தருவார்கள். இவர் விரல்களை நீட்டிக் கட்டைகள் மேல் படுக்க வைக்கிறார். மணிக்கட்டு தாழ்ந்தே கிடக்கிறது. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் சுருண்டு காத்திருக்கும். வேண்டிய நேரத்தில் பாம்பு மாதிரி நீண்டு ஒரு ஸ்வரத்தைக் கொத்திவிட்டுத் திரும்பவும் சுருண்டுகொள்ளும். இதெல்லாம் எந்த இசைத்தட்டிலும் தெரியாது. கூடவே இன்னொரு ரகசியம்: அவருடைய ஸ்டீன்வேயின் கட்டைகள், தொட்டாலே பேசுகிற அளவுக்கு லேசாகச் சரிசெய்யப்பட்டவை. மற்ற பியானோ கலைஞர்கள் அதைக் கட்டுப்படுத்தத் திணறுவார்களாம்.

1978 செப்டம்பரில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு ரக்மானினோவின் மூன்றாம் கான்செர்ட்டோ வாசித்த படமும் இருக்கிறது. நடத்துபவர் நம்ம பம்பாய்க்காரர் சுபின் மேத்தா. 50 வருஷத்துக்கு முன்னால், 1928-ல், ரக்மானினோவே இரண்டாவது பியானோவில் உட்கார்ந்து துணை வாசிக்க, ஸ்டீன்வே கடையின் அடித்தளத்தில் ஹோரோவிட்ஸ் வாசித்துக் காட்டியதும் இதே கான்செர்ட்டோதான். படத்தில் மேத்தாவின் கண் பியானோவை விட்டு அகலாது. கிழவர் எப்போது எந்தப் பக்கம் திரும்புவாரோ என்ற பயம் என்று நினைக்கிறேன் :-)

அப்புறம் வந்தது 1983, டோக்கியோ. டிக்கெட் விலை 50,000 யென் வரை. தொலைக்காட்சியும் படம் எடுத்தது. அந்தச் சமயத்தில் மனச்சோர்வுக்காக அவர் எடுத்துக்கொண்டிருந்த மருந்துகள் ஞாபகத்தையும் விரலையும் சேர்த்துக் குழப்பிவிட்டன. ஷூமனின் கார்னவலில் வரிசையாகத் தப்பு ஸ்வரங்கள், சில இடங்களில் கை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. யோஷிதா ஹிதெகாசு என்ற மூத்த விமர்சகர் அவரை விரிசல் விட்ட பழம்பொருளுக்கு ஒப்பிட்டார். அது உலகம் முழுக்கப் பரவியது. நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. வாசித்து முடித்து எழுந்து நின்று, வழக்கம்போலக் கைதட்டலுக்குச் சிரிக்கிறார் பாருங்கள், அதற்கு மேல் பார்க்க முடியாது. ஆனால் அது அழிக்கப்பட வேண்டிய படம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்ததன் எடை தெரியும்.

மருந்துகளை விட்டார். 1985-ல் மேஸ்லெஸ் சகோதரர்கள் அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்து ஒரு படம் எடுத்தார்கள். குறும்பு, வாண்டாவின் அதட்டல், நடுநடுவே வாசிப்பு. விரல்கள் திரும்பி வந்திருந்தன. அந்த வருஷம் நவம்பரில் ஜெனீவாவில் ரீகனும் கொர்பச்சேவும் சந்தித்து, ஆப்கானிஸ்தான் விவகாரத்தோடு நின்று போயிருந்த கலைப் பரிமாற்றத்தைத் திரும்ப ஆரம்பிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். 82 வயசுக் கிழவர் ரஷ்யா போகிறேன் என்றார்.

இது சாதாரண ஊர் திரும்பல் இல்லை. உக்ரைனில் வளர்ந்தவர். 1925-ல் படிக்கப் போவதாகச் சொல்லி, சப்பாத்துக்குள் பணத்தை ஒளித்துக்கொண்டு எல்லை தாண்டியவர். பின்னாளில் தகப்பனார் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி முகாமில் செத்தார். சகோதரியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 61 வருஷம் கழித்துப் போய் அவர் பார்த்தது சகோதரியின் மகளை. நியூயார்க் வீட்டு ஜன்னல் வழியாக க்ரேன் வைத்து இறக்கிய அவருடைய சொந்த ஸ்டீன்வேயும் (எண் சிடி 503) விமானத்தில் மாஸ்கோ போயிற்று. சாப்பாட்டுக்குப் புது மீனும்தான்!

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கம். பெரிய விளம்பரம் ஒன்றும் கிடையாது. டிக்கெட்டுகளில் பெரும்பங்கு அதிகாரிகளுக்கும் தூதரகங்களுக்கும். ஜனங்களுக்குக் கிடைத்தது சில நூறு. கச்சேரி தொடங்கும் முன் மாணவர்கள் காவலைத் தள்ளிக்கொண்டு ஓடி பால்கனியில் ஏறிவிட்டார்கள். 5 நாள் முன்னால்தான் அமெரிக்கா லிபியா மேல் குண்டு போட்டிருந்தது. இந்தச் சூழ்நிலையில் கிழவர் வந்து உட்கார்ந்து, மூன்று ஸ்கார்லாட்டி சொனாட்டாக்களோடு அமைதியாக ஆரம்பிக்கிறார்.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்க்ரியாபினின் டி ஷார்ப் மைனர் எட்யூட் 1968 படத்திலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. 1968-ல் அது புயல். கீழ்ஸ்தாயி இடிக்கும்போது படமே அதிர்வது போல இருக்கும். 1986-ல் வேகம் குறைவு, அங்கங்கே ஸ்வரங்கள் நழுவுகின்றன. ஆனால் நடுவில் மெல்லிய பகுதி வரும் இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தும் விதம் 18 வருஷம் முன்னால் அவரிடம் இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது ஸ்க்ரியாபின் முன்னாலேயே வாசித்தவர் அவர். மாஸ்கோ வந்த கையோடு ஸ்க்ரியாபின் வீட்டுக்குப் போய் அவர் மகளையும் பார்த்தார். விரல் சுத்தத்துக்கு 1968, இந்த எட்யூட்டுக்கு 1986 என்பது என் தீர்ப்பு. சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம்.

அந்தக் கச்சேரியில் எல்லோரும் சொல்லும் இடம் வேறு. முடிந்த பிறகு கூடுதலாக ஷூமனின் ட்ராய்மரை வாசிக்கிறார். 3 நிமிஷம்கூட வராத சின்ன உருப்படி. பியானோ கற்கும் பிள்ளைகளே வாசிப்பார்கள். கேமரா மெதுவாகக் கூட்டத்துக்குப் போகிறது. ஒருவர் கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்குகிறது. அவர் துடைக்கவில்லை.

இது இயக்குநர் பிரையன் லார்ஜின் தந்திரம், அழுகிற முகத்தைத் தேடிக் காட்டி நம்மையும் அழ வைக்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கேள்விதான். நம்மைத் தொடுவது இசையா, 61 வருஷக் கதையா? அதனால் திரையை அணைத்துவிட்டு வெறும் ஒலியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். பிறகு 1968-ன் ட்ராய்மரையையும் அப்படியே. பழையது அழகான வாசிப்பு, மறுக்க முடியாது. மாஸ்கோவில் ஒவ்வொரு தடவை அந்த ராகம் மேலே ஏறும்போதும் உச்சியில் ஒரு நொடி தயங்கி இறங்குகிறது. அந்தத் தயக்கம் கண்ணை மூடிக்கொண்டாலும் கேட்கிறது. அந்த ரசிகரும் கண்ணை மூடிக்கொண்டுதானே இருந்தார்!

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 27, லெனின்கிராடில் வாசித்தார். அதற்கு முந்தின நாள் விடிவதற்குள், அவர் வளர்ந்த கியெவ் நகரத்துக்கு வடக்கே செர்னோபில் வெடித்திருந்தது. சோவியத் அரசு அதை வெளியே சொன்னது 28-ஆம் தேதி. அரங்கில் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்?

அந்தக் கோடையிலேயே டோக்கியோவுக்கும் திரும்பப் போய், 1983-ன் கடனை அடைத்தார். 1987 மே மாதம் வியன்னாவில் படம் பிடித்த கச்சேரியில் ஷூமனின் கிண்டர்ஸீனன் முழுசாக இருக்கிறது, உள்ளே ட்ராய்மரையும் வருகிறது. ஜூனில் ஹாம்பர்க், அதுதான் கடைசி மேடை. 1989 நவம்பர் 5 அன்று நியூயார்க் வீட்டில் இறந்தார், கடைசி இசைத்தட்டின் பதிவை முடித்த 4-ஆவது நாள். மிலான் நகரில் டோஸ்கனினி குடும்பக் கல்லறையில் இருக்கிறார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் மாஸ்கோவில் ஆரம்பித்து, பிறகு 1968-க்குப் போங்கள். மாற்றிப் பார்த்தால் விரல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். டோக்கியோவை விருப்பம் இருந்தால் மட்டும், அதுவும் தனியாக.