அசையலாம், எழக் கூடாது

1920களில் பெரும்பாலான வண்டிகளில் என்ஜினை நேராகச் சேசிஸில் வைத்து போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். நாலு சிலிண்டர் என்ஜினின் ஒவ்வொரு உதறலும் தரைத் தகடு, ஸ்டியரிங், இருக்கை வழியே ஓட்டுபவர் உடம்பில் இறங்கும்.

1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் பி.ஏ. காரில் அதை மாற்றியது. முன்னால் மேலே, தண்ணீர் பம்ப் பக்கம் ஒரு ரப்பர் மவுண்டிங். பின்னால் கீழே, கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் கோடு என்ஜினின் எடை மையத்தை ஒட்டிப் போனதால், என்ஜின் தன் இயல்பான அச்சிலேயே ஆடியது. ஆட்டம் சேசிஸுக்குப் போகவில்லை. அளவு மீறி உருளாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒரு பட்டை ஸ்பிரிங்கும் உண்டு. 'ஃப்ளோட்டிங் பவர்' என்று பெயர் வைத்தார்கள். வால்டர் கிரைஸ்லர் அந்தக் காரை டியர்பார்னுக்குக் கொண்டுபோய்ப் போட்டியாளரான ஹென்றி ஃபோர்டிடமே காட்டினார். பிரான்ஸின் சித்ரோன் உரிமம் வாங்கி, அன்னப்பறவைச் சின்னத்தோடு விற்றது.

அந்த ஸ்பிரிங்தான் முக்கியம் என்பேன். ஆட விடுவதோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அவர்கள் யோசித்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் இரண்டாவதை மறந்தார்கள்.

1960களின் செவர்லே வி-8 வண்டிகளில், பிக்கப் ட்ரக்குகளிலும்தான், என்ஜினின் இருபுறமும் ஒவ்வொரு மவுண்டிங்: இரண்டு இரும்புத் துண்டு, நடுவில் அவற்றோடு ஒட்டிய ரப்பர். ஆக்சிலேட்டரை மிதித்தால் கிராங்க் ஒரு பக்கம் சுழல, என்ஜின் எதிர்ப்பக்கம் திமிறும். வலப்புறம் அமுங்கும், ஓட்டுபவர் உட்காரும் இடப்புறம் மேலே எழும். அமுக்கத்தை ரப்பர் தாங்கும், இழுவையை அந்த அளவுக்குத் தாங்காது. வால்வு கவரிலிருந்து கசியும் எண்ணெய் வருடக்கணக்கில் அதை ஊறவைத்திருந்தால் இரும்பிலிருந்து பிய்ந்தே வந்துவிடும். பிய்ந்ததும் என்ஜின் எழும்பும். கார்புரேட்டருக்குப் போகும் கம்பி இழுபடும். த்ராட்டில் இன்னும் திறக்கும். என்ஜின் இன்னும் எழும்பும். காலை எடுத்தாலும் வேகம் குறையாது. பிரேக் பூஸ்டரின் வேக்குவம் குழாயும் கழன்றுகொண்டால் பிரேக் கல்லாகிவிடும்.

1971 டிசம்பரில் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் குறைக்காகச் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங்கை மாற்றவில்லை; என்ஜின் எழும்பாமல் பிடிக்க ஒரு இரும்புக் கேபிள் மாட்டினார்கள். 1931இன் ஸ்பிரிங் செய்த வேலை வேறு உருவில் திரும்பி வந்தது. பின்னால் வந்த மவுண்டிங்குகளில் இரண்டு இரும்புத் துண்டுகளும் ஒன்றையொன்று கொக்கிபோல் கவ்வியிருக்கும். ரப்பர் பிய்ந்தாலும் என்ஜின் எழ முடியாது.

இன்று அந்தக் காலத்து ட்ரக்கைப் புதுப்பிப்பவர் என்ஜின் சக்தியை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. கியர்பாக்ஸ் என்ஜினோடு சேர்த்துப் பூட்டியது. கியரில் பெருகும் முறுக்கு முழுவதும் மவுண்டிங்குகள் மேல்தான் விழும். அந்த ட்ரக்குகளில் வந்த எஸ்.எம்.465 கியர்பாக்ஸின் முதல் கியர் 6.55 மடங்கு. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது ரப்பர் படும் பாட்டை அதிலிருந்து கணக்கிடலாம்.

சாலையில் ஓடும் ட்ரக்குக்குக் கவ்வும் வகை ரப்பர் மவுண்டிங்தான் என் தேர்வு. பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, ஆட்டமும் குறைவு; ஆனால் என்ஜினின் நடுக்கம் கேபினுக்குள் வரும். பாரம் இழுப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு இரும்பு மவுண்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ரக் சேசிஸ் குண்டுகுழியில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை என்ஜின் பிளாக் ஏன் வாங்க வேண்டும்? முன்னால் ரப்பரை வைத்துக் கியர்பாக்ஸுக்கு மட்டும் இரும்பு போடுவது அதைவிட மோசம். என்ஜினின் ஆட்டமெல்லாம் அங்கே முட்டி, கியர்பாக்ஸ் கூட்டின் காது உடையும். த்ராட்டிலை இயக்குவது விறைப்பான இரும்புக் கம்பி என்றால் அதைக் கேபிளுக்கு மாற்றிவிடுவதும் நல்லது.

சந்தேகம் வந்தால், வண்டி முன்னால் ஆள் இல்லாமல் பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, முன்கியரில் போட்டு, கிளட்ச் இருந்தால் அதைச் சற்றே விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடப்புறம் ஒரு அங்குலத்துக்கு மேல் எழுந்தால் ரப்பர் போய்விட்டது. வலப்புற ரப்பருக்கும் அதே வயதுதான். கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் சேர்த்து மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.